கரிசல் நிலமும் திராட்சைக் கொடியும்

கம்பம் பள்ளத்தாக்கின் வழியே செல்வோர் சாலையின் இருமருங்கிலும் திராட்சைப் பந்தல்களைக் கண்டு வியப்பது இயல்பு. விருதுநகர், சாத்தூர், சிவகாசி, அருப்புக்கோட்டைப் பக்கங்களிலிருந்து சென்று வரும் விவசாயிகளிற் சிலர், மலைக்கு அந்தப்புறம் விளைவது இந்தப்புறம் ஏன் விளையாது என்று கேட்கின்றனர். பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழில்களுக்கு ஆட்கள் சென்றுவிட்டமையால் தரிசாய்க் கிடந்து சீமைக் கருவேல் மண்டிய நிலத்தை வைத்திருப்போருக்கு, ஒரு முறை நட்டால் பல ஆண்டு பலன் தரும் கொடியின்மேல் ஆசை உண்டாவதில் தவறில்லை. ஆயினும், கல்தூணும் கம்பியும் வாங்கிப் பந்தலை எழுப்பிய பின்னர் நிலத்தின் குணத்தை அறிவதைவிட, முன்னரே அறிந்துகொள்வது நன்று. இவ்விஷயத்தில் திராட்சையை நெடுங்காலம் பயிரிட்டு வந்த பிற தேசங்களின் அனுபவம் நமக்கு நல்ல பாடமாக இருக்கின்றது.

அவ்வனுபவத்தை அவர்களுடைய வெள்ளை ஒயினைக் கொண்டு எளிதில் விளக்கலாம். மதுவைப் புகழ்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒரு விளைபொருளின் குணத்தில் மண்ணும் சீதோஷ்ணமும் எவ்வளவு பங்கு கொள்கின்றன என்பதற்கு இதைக் காட்டிலும் தெளிவான சாட்சி வேறு பயிர்களில் கிடைப்பது அரிது என்பதே காரணம்.

வெயிலும் இரவுக் குளிரும்

சிவப்பு ஒயின் பழத்தோலுடன் சேர்த்துப் புளிக்கவைக்கப்படுவது. தோலிலுள்ள நிறமும் துவர்ப்பும் அதில் இறங்கிப் பல குறைகளை மறைத்துவிடும். வெள்ளை ஒயினிலோ பழத்தைப் பிழிந்தவுடன் சாறு தோலினின்றும் பிரிக்கப்படுகின்றது. ஆகையால் சாற்றின் இனிப்பு, புளிப்பு, மணம் ஆகிய மூன்றும் எவ்வளவு பொருந்தி நிற்கின்றன என்பது நாவிற்கு உடனே தெரிந்துவிடும்.

காய்ப்பருவத்தில் திராட்சையில் புளிப்பே மிகுதி. பழுக்கப் பழுக்கச் சர்க்கரை ஏறும், புளிப்பு இறங்கும். புளிப்பைத் தருவன முக்கியமாக இரண்டு அமிலங்கள். ஒன்று டார்டாரிக் அமிலம். இது வெப்பத்தை ஒருவாறு தாங்கி நிற்கும். மற்றொன்று ஆப்பிள் பழத்திலும் உள்ள மாலிக் அமிலம். பழம் சுவாசிக்கும்போது இது செலவாகிக்கொண்டே இருக்கும். பகலும் இரவும் வெப்பமாயிருந்தால் இச்செலவு விரைவாக நடந்து, சாறு வெறும் இனிப்பாய்ச் சப்பிட்டுப் போகும். இரவு குளிர்ந்தால் செலவு குறைந்து புளிப்பு நிற்கும். வெள்ளை ஒயினுக்குப் பேர்பெற்ற இடங்கள் பெரும்பாலும் குளிர்ந்த இரவுகளை உடையனவாக இருப்பதன் காரணம் இதுவே.

ஜெர்மனியில் மோசல் என்னும் ஆற்றங்கரை ஏறக்குறைய 50 டிகிரி வட அட்சத்தில் உள்ளது. அங்குச் செங்குத்தான சரிவுகளில் பலகைக்கல் சிதைந்த மண்ணில் ரீஸ்லிங் என்னும் இரகம் வளர்கின்றது. அங்கே குறைவாகக் கிடைப்பது வெயில். பகலில் கருங்கற்கள் வாங்கிய வெப்பத்தை இரவில் கொடிக்குத் திருப்பித் தருவதால் பழம் ஒருவாறு கனிகின்றது. புளிப்பும் கூர்மையாக நிற்கின்றது. பிரான்சில் ஷாப்லி என்னும் ஊரில் சிப்பிப் புதைவுகள் நிறைந்த சுண்ணாம்புக் களிமண்ணில் ஷார்டனே இரகம் பயிராகின்றது. வசந்த காலத்து உறைபனிக்கு அஞ்சி அங்குள்ளோர் இரவெல்லாம் தோட்டத்தில் தீ மூட்டிக் காப்பதும் உண்டு.

இவற்றைக் கொண்டு கல்லின் ருசியே ஒயினில் இறங்குகின்றது என்று சிலர் கூறுவர். மண்ணியல் அறிஞர் அதனை ஒப்புவதில்லை. வேருக்கு எவ்வளவு நீர் எப்பொழுது கிடைக்கின்றது, வேர் எவ்வளவு ஆழம் செல்லக்கூடும், மண் எவ்வளவு சூடேறுகின்றது என்னும் வழிகளிலேயே மண் பெரிதும் பழத்தின் குணத்தை மாற்றுகின்றது. கரிசல் நிலத்தாருக்கு இது புதிய செய்தியன்று. ஒரே விதையைக் கரிசலிலும் செவ்வலிலும் விதைத்து வேறுபாட்டைக் கண்டவர்கள் அவர்கள்.

ஹெரெஸ் நாட்டார் செய்தது

குளிர்தேசத்து உதாரணங்கள் நமக்குத் தூரமானவை. வெப்ப தேசத்து உதாரணம் ஒன்று ஸ்பெயின் தேசத்தின் தென்கோடியிலுள்ள ஹெரெஸ் என்னும் ஊர். அங்கு ஆண்டில் பெய்யும் மழை ஏறக்குறைய 600 மில்லிமீட்டர், அதாவது 24 அங்குலம். விருதுநகர் மாவட்டத்தின் மழையோ ஏறக்குறைய 800 மில்லிமீட்டர். அங்கும் மழை சில மாதங்களில் கொட்டிவிட்டு நீண்ட கோடையில் முற்றிலும் நின்றுவிடும். கிழக்கிலிருந்து வறண்ட வெப்பக் காற்றும், மேற்கிலிருந்து ஈரமான கடற்காற்றும் மாறி மாறி வீசும்.

அவ்வூரின் சிறந்த நிலத்திற்கு அல்பாரிஸா என்று பெயர். வெண்மையான அம்மண்ணில் பெரும்பங்கு சுண்ணாம்பு. மழைநீரைக் கடற்பஞ்சுபோல் உறிஞ்சி ஆழத்தில் தேக்கிக்கொள்ளும். கோடையில் மேற்பரப்பு இறுகி ஓடுபோல் மூடிக்கொள்வதால் அடியிலுள்ள ஈரம் எளிதில் ஆவியாவதில்லை. பலோமினோ என்னும் வெள்ளைத் திராட்சை அவ்வீரத்தைக் கொண்டே, நீர்ப்பாய்ச்சல் இன்றி, கோடையில் தழைத்துக் காய்த்துப் பழுக்கின்றது. அறுவடை முடிந்ததும் விவசாயிகள் வரிசைகளுக்கு இடையே மண்ணை அணைத்து நீள்சதுரக் குழிகளை உண்டாக்குவர். சரிவில் ஓடிவரும் மழைநீர் அக்குழிகளில் நின்று நிலத்தில் இறங்கும். வசந்தத்தில் குழிகளை மூடிச் சமன் செய்துவிடுவர்.

கவனிக்கத்தக்கது மற்றொன்று உண்டு. அவ்வெப்பத்தில் விளையும் பலோமினோ சாற்றில் புளிப்பும் மணமும் குறைவு. மோசலைப்போல் புதிய ஒயின் செய்து விற்க முயன்றிருந்தால் ஹெரெஸ் நாட்டார் தோற்றிருப்பர். அவர்கள் தங்கள் சாறு எதற்குத் தகுதியோ அதற்கே அதனைப் பயன்படுத்தினர். பீப்பாய்களில் ஒயினின் மேற்பரப்பில் கடற்காற்றின் ஈரத்தால் படரும் ஒருவகை நொதிப் படலத்தின் கீழ் ஆண்டுக்கணக்கில் வைத்துப் பக்குவப்படுத்தினர். வேறோர் இரகத்துப் பழத்தைக் கோரைப்புல் பாய்களில் பரப்பி, வெயிலில் சுண்டவைத்து, இனிப்பு ஒயின் செய்தனர். அப்பொருளுக்கு ஊர்ப்பெயரையே சூட்டினர். ஷெர்ரி என்று ஆங்கிலேயர் வழங்குவது ஹெரெஸ் என்னும் பெயரின் திரிபே. பிற இடத்துச் சரக்கு அப்பெயரில் விற்காதபடி காக்க 1930-ஆம் ஆண்டுகளிலேயே ஒரு கட்டுப்பாட்டுச் சபையையும் ஏற்படுத்திக்கொண்டனர்.

நமது தேசத்துத் திராட்சை

நம் தேசத்தில் வெள்ளை ஒயினுக்குப் பெயர் பெற்றிருப்பது மகாராஷ்டிரத்து நாசிக். அங்கு 1997-இல் சோவின்யோன் பிளாங், செனின் பிளாங் முதலிய இரகங்கள் ஒயினுக்கென்று நடப்பட்டு, 2000-இல் முதல் ஒயின் விற்பனைக்கு வந்தது. நாசிக் 20 டிகிரி அட்சத்தில், கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 2000 அடி உயரத்தில் உள்ளது. டிசம்பர், ஜனவரி மாதத்து இரவுகளில் வெப்பம் 10 டிகிரி சென்டிகிரேடை ஒட்டி இறங்கும். அங்கு மழை ஜூன் முதல் செப்டம்பர் வரையில். அக்டோபரில் கவாத்துச் செய்தால், பூவும் காயும் பழமும் மழையற்ற குளிர்காலத்தில் அமைந்துவிடுகின்றன.

கம்பம் பள்ளத்தாக்கு தனி வகை. மலையடிவாரத்தில் நீர் வடியும் மண், 1895-இல் முடிவுற்ற பெரியாறு அணையின் வழியே வந்து நிலத்தடி நீரையும் பெருக்கிய தண்ணீர், மலையினின்றும் இறங்கும் குளிர்காற்று ஆகியவை அங்குண்டு. அங்கே முக்கியமாக விளைவது பன்னீர்த் திராட்சை எனப்படும் கறுப்பு மஸ்கட் இரகம். வெள்ளை ஒயின் இரகம் அன்று. கவாத்துக் காலத்தை மாற்றி மாற்றி ஆண்டின் பல மாதங்களிலும் பழம் எடுக்கின்றனர். அதற்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனைமலையன்பட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றது.

கரிசலில் வரும் இடையூறுகள்

இவ்விரண்டு இடங்களோடும் ஹெரெஸோடும் நம் கரிசலை ஒப்பிட்டால் விஷயம் விளங்கும். முதலாவது, மழைக் காலம். ஹெரெஸில் மழை பெய்யும் குளிர்காலத்தில் கொடி இலையுதிர்ந்து உறங்குகின்றது. ஈரம் நிலத்தில் சேர்ந்த பின்னரே தளிர்க்கின்றது. நம் சீதோஷ்ணத்தில் கொடி உறங்குவதில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் இலையோடு நிற்கும். அவ்வேளையில் அடிச்சாம்பல் நோய் இலையையும் பூங்கொத்தையும் கருக்கிவிடும். மருந்து தெளித்துக்கொண்டே இருத்தல் வேண்டும். தெளித்த மருந்தையும் மழை கழுவிவிடும்.

இரண்டாவது, மண்ணின் அமைப்பு. கரிசல் ஈரம் பட்டால் உப்பி இறுகும். உலர்ந்தால் கை நுழையும்படி வெடிக்கும். மழையில் வேர் மூச்சுத் திணறும். கோடையில் வெடிப்பு நுண்வேர்களை அறுப்பதோடு, அடியீரத்தையும் வெளியேற்றும். அல்பாரிஸாவைப்போல் மூடிக்கொள்ளும் குணம் இதற்கு இல்லை. அடியில் சுக்கான் கிடக்குமிடத்தில் இரும்புச்சத்து வேருக்குக் கிட்டாமல் தளிர் வெளுத்துப் போவதும் உண்டு.

மூன்றாவது, தண்ணீர். பருத்தி, சோளம், கம்பு, உளுந்து, மல்லி, மிளகாய் ஆகியவை மழை ஈரத்தைக் கொண்டே தை, மாசி, பங்குனிக்குள் பெரும்பாலும் தம் ஆயுளை முடித்துக்கொள்ளும் பயிர்கள். திராட்சைக்கோ சித்திரை, வைகாசியிலும் நீர் வேண்டும். ஆழ்துளைக் கிணற்றை நம்பினால், கரிசற்காட்டில் பல இடங்களில் நீர் உவர்ப்பாயிருக்கும். திராட்சை உப்பைத் தாங்காத கொடி. மகாராஷ்டிரத்தில் உவர்ப்பிற்கும் வறட்சிக்கும் அஞ்சியே டாக்ரிட்ஜ் என்னும் காட்டுக் கொடியின் வேர்த்தண்டில் ஒட்டுக்கட்டி நடுகின்றனர்.

நான்காவது, இரவு வெப்பம். சித்திரை, வைகாசியில் நம் பக்கத்தில் இரவிலும் 25 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. பழம் இனிக்கலாம், ஒயினுக்கு வேண்டிய புளிப்பு நிற்காது. இந்நான்கையும் பணத்தாலும் உழைப்பாலும் ஓரளவு வெல்லக்கூடும். ஆனால் அச்செலவைச் செய்து விளைவித்த பழம், இயற்கையாகவே நன்கு விளையும் கம்பத்துப் பழத்தோடு அதே சந்தையில் அதே விலைக்குப் போட்டியிட வேண்டும். ஆகையால் கரிசலில் திராட்சைப் பந்தல் போடுவதை ஊக்குவிப்பது தகாது.

மேற்கே இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்புப் பக்கத்து மலையடிவாரச் செம்மண்ணின் நிலைமை வேறு. நல்ல நீரும் வடிகாலும் அங்குப் பல இடங்களில் உண்டு. மா, தென்னை ஏற்கெனவே செழித்திருக்கும் அப்பகுதியில், உண்ணும் பழத்திற்காகக் கால் ஏக்கரில் பரீட்சித்துப் பார்க்க விரும்புவோர் பார்க்கலாம். அதற்கு முன் நான்கடிக் குழி வெட்டி மண்ணின் அடுக்குகளைக் காணுதலும், கிணற்று நீரைப் பரிசோதனைக்கு அனுப்புதலும் அவசியம். கடன் வாங்கி ஐந்து ஏக்கர் நடுவது பரீட்சை ஆகாது.

இந்த வெயில் எதற்கு ஏற்றது?

ஹெரெஸ் நாட்டாரிடமிருந்து நாம் கற்கவேண்டியது திராட்சைச் சாகுபடியன்று. தம் வெயிலுக்கு ஏற்ற பொருளைத் தேர்ந்தெடுத்து, அதன் பெயரைக் கண்போல் காத்த முறையே. சிவகாசியில் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பியபின், அத்தொழிலும் பட்டாசுத் தொழிலும் இங்கு வேரூன்றியதற்கு வறண்ட காற்றும் ஒரு முக்கிய காரணம். குச்சியும் காகிதமும் மருந்தும் விரைவில் உலரும் காற்று இது. தொழிலாளர் இதன் பயனை உணர்ந்த அளவிற்கு நிலமுடையோர் உணர்ந்தனரா என்பது சந்தேகமே.

அதே வறண்ட வெயில்தான் சம்பா வற்றலையும் உண்டாக்குகின்றது. கரிசல் தேக்கிய வடகிழக்குப் பருவமழை ஈரத்தில் செடி வளர்ந்து, மழை நின்ற பின் பழம் சிவக்கின்றது. தை முதல் பங்குனி வரையுள்ள வெயிலும் காற்றும் பழத்தைக் களத்திலேயே உலர்த்திவிடுகின்றன. ஈரக் காற்று வீசும் கடலோரத்திலும், பனி மிகுந்த மலைநாட்டிலும் இது எளிதன்று. திராட்சையின் புளிப்பைக் கெடுக்கும் வெப்பம் மிளகாயின் உலர்த்தலுக்கு உதவியாகின்றது. கோவில்பட்டியில் 1901-இல் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட கே.2 மிளகாயின் பெற்றோரில் சாத்தூர் சம்பாவும் ஒன்று என்பது இவ்விரகத்தின் மதிப்பைக் காட்டும்.

விருதுநகர் சம்பா வற்றலுக்கு 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கின்றது. இராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023-இல் கிடைத்தது. 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி இக்குறியீடு பத்தாண்டுகளுக்குச் செல்லும்; பின்னர்ப் புதுப்பித்துக்கொள்ளலாம். குறியீடு பெற்றதாலேயே ஒவ்வொரு விவசாயியும் அப்பெயரை முத்திரையிட்டு விற்க உரிமை பெற்றுவிடுவதில்லை. அங்கீகரிக்கப்பட்ட உபயோகிப்பாளராகப் பதிவு செய்துகொள்ளுதல் வேண்டும். பெயர் கிடைத்தது, அதற்குரிய சரக்கு கிடைக்குமா என்பதே இனிக் கேள்வி. இரகம் கலந்த விதை, தார்ச்சாலையில் உலர்த்திய பழம், எடை கூட நீர் தெளித்த மூட்டை ஆகியவை அப்பெயரோடு சந்தைக்குச் சென்றால், பெயர் சில ஆண்டுகளில் மதிப்பிழக்கும். அப்பொழுது நஷ்டம் கலப்படம் செய்தவருக்கு மட்டும் ஏற்படாது. சுத்தமாகச் செய்தவருக்கும் அதே விலைதான் கிடைக்கும்.

உடனே செய்யத்தக்கவை

முதலாவது, நீரைத் தேக்குதல். ஹெரெஸின் குழிகளுக்கு ஒப்பான சதுரப் பாத்தி முறையைக் கரிசலுக்கு ஆராய்ச்சி நிலையத்தார் பல காலமாகக் கூறி வருகின்றனர். ஆவணி, புரட்டாசியில் கோடையுழவு செய்த நிலத்தைச் சரிவிற்குக் குறுக்கே பாத்திகளாகப் பிரித்துவிட்டால் முதல் மழையே நிலத்தில் இறங்கும். இதற்கு வேண்டுவது இரண்டு நாள் உழைப்பே.

இரண்டாவது, விதை. மிளகாயில் தேனீக்களாலும் பிற பூச்சிகளாலும் மகரந்தம் கலக்கும். ஆகையால் பல இரகங்கள் அடுத்தடுத்து நிற்கும் வயலில் விதை எடுத்தலாகாது. ஓர் ஊரார் கூடி, ஒரு பகுதி முழுவதிலும் சம்பாவையே நட்டு, நடுவிலுள்ள செடிகளில் நல்லனவற்றைத் தேர்ந்து விதைக்கு நிறுத்துவது நலம்.

மூன்றாவது, உலர்த்தல். ஹெரெஸில் திராட்சையைப் பாயில் பரப்புகின்றனர். நாம் உண்ணும் மிளகாயைத் தரையில் கொட்டுகின்றோம். வெறுந்தரையின் ஈரத்தால் பூஞ்சணம் பிடித்து அஃப்ளாடாக்ஸின் என்னும் நஞ்சு உண்டாகும். அது கண்ட சரக்கை வெளிநாட்டார் திருப்பி அனுப்பிவிடுவர். சிமெண்டுக் களத்திலோ தார்ப்பாயிலோ உலர்த்தி, இரவில் மூடிவைத்து, ஈரம் நூற்றுக்குப் பத்தளவிற்கு இறங்கிய பின்னரே மூட்டை கட்டுதல் வேண்டும். சோடை விழுந்த வெள்ளை வற்றலைத் தனியே பிரித்து விற்க வேண்டும்.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. அடங்கலில் மிளகாய் என்று மட்டும் எழுதாமல், சம்பா, குண்டு, வீரிய ஒட்டு இரகம் என்று பிரித்துக் குறித்துவைத்தால், எந்த ஊரில் எவ்வளவு சம்பா விளைகின்றது என்பது தெரியும். விளைந்த அளவுக்கு மேல் அப்பெயரில் சரக்கு விற்பனையானால் கலப்படம் வெளிப்பட்டுவிடும். ஹெரெஸின் சபையும் திராட்சை நிலத்தின் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டே பெயரைக் காத்து வருகின்றது. ஊர்ப் பொதுநிலத்தில் உலர்களம் அமைக்க இடம் காட்டுவதும் அவர்களால் ஆகக்கூடிய உதவியே.

திராட்சை நட எண்ணியிருந்த நிலமுடையோர் அப்பணத்தில் ஒரு பங்கைப் பாத்தி கட்டுவதிலும், ஒரு பங்கைக் களம் அமைப்பதிலும் செலவிட்டு, மிகுதியைக் கையில் வைத்துக்கொள்வாராயின் நஷ்டத்திற்கு இடமில்லை. ஆடியில் உழவு, புரட்டாசிக்குள் பாத்தி, விதைப்பிற்கு முன் ஊர்கூடி விதை நிச்சயித்தல் என்னும் மூன்றையும் இவ்வாண்டே ஒவ்வொரு கிராமத்திலும் தொடங்க வேண்டும்.